தலையங்கம் வாசித்தவள் எழுதுகிறேன்

சந்துருவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். முதல் பக்கம் முழுக்க தில்லி வெயில். இரண்டாம் பக்கம் உன் மெஸ்ஸில் போடுகிற சாம்பாரைப் பற்றிய புகார். மூன்றாம் பக்கத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, இடம் போதாமல் நெருக்கி எழுதிய சில வரிகள்: "கராச்சியில் நம் தூதர் அலுவலகத்துக்கு ஒரு ஸ்டெனோ வேண்டுமாம். போகச் சம்மதமா என்று என்னிடம் வில்லிங்னஸ் கேட்டிருக்கிறார்கள். பத்து நாளைக்குள் சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்றால் நான் போகவில்லை." பத்திரிகைக்காரர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். நம் தூக்கத்தைக் கெடுக்கும் சேதியைக் கொண்டுபோய்க் கடைசிப் பத்தியில் வைக்கிறார்கள். இது தெரிந்த நாளிலிருந்து எதையும் நான் கீழேயிருந்துதான் படிக்கிறேன். உன் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது தெரியவில்லை. தில்லி வெயிலுக்கு நான் வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது.

பதிலை ஒரு தந்தியாக அடித்துவிடலாம் என்கிறார் அப்பா. அடிக்கத்தான் போகிறோம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது தந்தி வந்திருக்கும், என் பதில் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். பம்பாயின் இந்த மாதுங்காவில் பிள்ளையை வெளியூர் அனுப்பிவிட்டுத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அம்மாக்கள் கட்டிடத்துக்கு ஒருத்தியாவது இருக்கிறாள். அவர்களில் யார் கையில் இது கிடைத்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உனக்குக் கூச்சமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று? மெட்ரிக் முடித்துவிட்டு நீ காப்பிப்பொடிக் கடை மாடியில் இருந்த இன்ஸ்டிடியூட்டில் ஷார்ட்ஹாண்ட் சேர்ந்தாய். அங்கே மாஸ்டர் டிக்டேஷன் கொடுப்பதெல்லாம் பத்திரிகைத் தலையங்கம்தான், இல்லாவிட்டால் யாராவது மந்திரி வெளிநாட்டைப் பற்றிப் பேசிய பேச்சு. அந்த மனிதர் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதினாலும் 'இரு தரப்பு உறவுகள்' என்றுதான் ஆரம்பித்திருப்பார். உன் வேகம் ஏறவே இல்லை. வீட்டில் யாராவது தினமும் வாசித்தால்தான் ஏறும் என்று அவர் சொல்லியனுப்பினார். அப்பா வாசிக்க உட்கார்ந்தார். மசூதி பந்தரில் பகல் முழுக்க சரக்குக் கணக்கு எழுதிவிட்டு, லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வந்த மனிதர். இரண்டாவது பத்தியில் அவர் தலை சாய்ந்தது. நீ பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாய், அவரிடமிருந்து குறட்டைதான் வந்தது. அப்போது நான் பேப்பரை அவர் மடியிலிருந்து எடுத்தேன்.

நான் பாலக்காட்டில் ஃபோர்த் ஃபாரம் வரைக்கும் படித்தவள். இங்கிலீஷ் எழுத்தைக் கடகடவென்று வாசிப்பேன். அர்த்தம் தெரியாது. ஸ்லோகம் சொல்கிற மாதிரிதான். முதல் நாள் அப்பாவின் கைக்கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, 'தி கவர்ன்மென்ட் ஆஃப் இண்டியா வ்யூ வித் க்ரேவ் கன்சர்ன்' என்று ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, வரி முடிந்த இடத்தில் நிறுத்தினேன். நீ பென்சிலைக் கீழே போட்டாய்.

"அம்மா, வரி முடியற எடத்துல நிறுத்தாதே. அர்த்தம் முடியற எடத்துல நிறுத்து."

"அர்த்தம் தெரிஞ்சாத்தானேடா அது எங்க முடியறதுன்னு தெரியும்."

நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேப்பரில் விரலை வைத்து, 'க்ரேவ் கன்சர்ன்' என்றால் ரொம்பக் கவலை என்று சொன்னாய். "அப்போ ரொம்பக் கவலைன்னு சொல்லிட்டுப் போறது" என்றேன். "ராஜ்யம் அப்படிச் சொல்லப்பிடாது அம்மா" என்றாய். அன்றிலிருந்து நமக்குள் ஓர் ஏற்பாடு. வாசிப்பதற்கு முன்னால் நீ எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டும், அப்புறம் நான் மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டு வாசிப்பேன். மற்ற வீட்டில் பிள்ளைகளுக்கு அம்மா சொல்லிக் கொடுப்பாள். நம் வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றினதும் நான் மாணவியாகிவிடுவேன். பாலக்காட்டில் பாதியில் விட்ட படிப்பை இப்படி முடிப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

அந்த வார்த்தைகள் சீக்கிரமே சமையலறைக்குள் வந்துவிட்டன. மேல்மாடிக்காரி பிழியாத புடவையை உலர்த்தி, நம் வடாத்தின் மேல் சொட்டவிட்டபோது நான் உன் தங்கையிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அதற்கு நீ 'புரோட்டஸ்ட் நோட்' என்று பெயர் வைத்தாய். மேல்மாடிக்காரி பதிலுக்கு ஒரு கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாய் அனுப்பினாள். 'டென்ஷன் ஈஸ்டு' என்றாய். நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான வராந்தாவில் யார் பெருக்குவது என்ற சண்டை ஆறு மாதம் நடந்தது, அந்த இடத்துக்கு 'நோ மேன்ஸ் லாண்ட்' என்று பெயர். உப்பு கூடிப்போனால் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோவதற்கு 'வாக் அவுட்'. அப்பா ஒரு நாள் பொறுக்காமல் கேட்டார்: "இது வீடா, உலக மாநாடா? மனுஷன் ஒரு டம்ளர் மோர் கேக்கறதுக்குத் தீர்மானம் கொண்டுவரணுமோ?" நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அப்போதெல்லாம் அவை வெறும் வார்த்தைகள். பெரிய ராஜ்யங்களின் சண்டையை எடுத்து வடாத்துக்கும் மோருக்கும் உபயோகித்துக்கொண்டோம். அதனால் ராஜ்யங்களின் சண்டையும் வடாம் அளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீனாக்காரன் வந்த வருஷம் அந்த நினைப்பு போயிற்று. அந்த அக்டோபரில் பேப்பரின் ஒரு பக்கத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் கியூபாவுக்காக மல்லுக்கு நின்றன, அடுத்த பத்தியில் நம் எல்லை. 'க்வாரண்டைன்' என்று ஒரு வார்த்தை வந்தது. பிளேக் வந்த ஊரில் போடுவார்களே, அதுவா என்று கேட்டேன். "கப்பலை மறிக்கறா அம்மா. ப்ளாக்கேடுன்னு சொன்னா யுத்தம்னு ஆயிடும். அதனால இந்தப் பேர்" என்றாய். செய்வதைச் செய்துகொண்டே அதற்கு வேறு பெயர் வைக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அடுத்த பத்தியில் நம் படைகள் முன்னேற்பாடு செய்த இடங்களுக்கு நகர்ந்தன என்று இருந்தது. அப்பா எட்டிப் பார்த்து, "பார்த்தியா, நல்ல எடமாப் பார்த்து நிக்கறா" என்றார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு பென்சில் சீவ ஆரம்பித்தாய். அதிலேயே எனக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது: பின்வாங்கிவிட்டார்கள்.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். "அம்மா, கடிகாரம் ஓடறது" என்றாய். "ஓடட்டும்டா. அங்க நிக்கறவா எல்லாம் உன் வயசு" என்றேன். அன்று அதற்கு மேல் டிக்டேஷன் நடக்கவில்லை. அர்த்தம் தெரியாமல் ஸ்லோகமாகச் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் நான் நிம்மதியாக இருந்தேன். தெரிந்த பிறகு நிம்மதி இல்லை. 'மனம் திறந்து பேசினார்கள்' என்று போட்டிருந்தால் கத்திக்கொண்டார்கள் என்று புரிந்துகொண்டேன். 'சுமுகமான சூழ்நிலையில்' என்றால் ஒன்றும் தீரவில்லை. 'கவலைக்கு இடமில்லை' என்று வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. மேல்மாடிக்காரி, "மாமி, நீங்க ஏன் பேப்பரைப் பார்த்து முகத்தைச் சுளிக்கறேள்? நல்லதாத்தானே போட்டிருக்கான்" என்பாள். அவள் பேப்பரை மேலேயிருந்து படிக்கிறாள்.

உன்னிடம் இன்னொரு விஷயமும் பேசியாக வேண்டும். தில்லியில் சர்க்கார் வேலை கிடைப்பதற்கு முன்னால் ஃபோர்ட் ஏரியாவில் உன் முதல் வேலை, அந்த சூரத் கிழவர். நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் என் பக்கத்துக் கதை உனக்குத் தெரியாது. உன் பார்சி முதலாளி அவசரமாக வெளியே கிளம்பிக்கொண்டே, "சூரத்காரனுக்கு ஒரு லெட்டர் போடு, மரப்பெட்டி வர லேட்டாகிறது, எனக்குக் கோபம் என்று சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். உனக்கோ 'எனக்குக் கோபம்' என்பதை இங்கிலீஷில் சாதாரணமாக எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? நாம் படித்தது முழுக்க வேறு பாஷை. 'எங்கள் வன்மையான கண்டனத்தைத் தெரிவிக்க வேண்டியவர்களாகிறோம், இதே நிலை நீடித்தால் நம்மிடையேயான உறவுகளை மறுபரிசீலனை செய்ய நேரிடும், அதன் விளைவுகளுக்கு முழுப் பொறுப்பும் தங்களையே சாரும்' என்று ஒரு பக்கத்துக்கு டைப் அடித்தாய். முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் நீ அதை எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பூரித்துப்போனேன். என் பிள்ளை தலையங்கம் மாதிரியே எழுதுகிறான் என்று மேல்மாடிக்காரியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் அந்தக் கிழவர் ரயிலேறி வந்து ஆபீஸ் வாசலில் நின்றார். தலைப்பாகை கட்டிக்கொண்டு, கையில் ஒரு மிட்டாய்ப் பெட்டியோடு. அந்த முதலாளியின் தகப்பனார் காலத்திலிருந்து பெட்டி செய்து அனுப்புகிறவர். ஊரில் இங்கிலீஷ் தெரிந்த யாரோ அவருக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள். "சேட், மைனே க்யா கியா?" என்று கேட்டாராம். நான் என்ன செய்துவிட்டேன் என்று. முதலாளி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவைத்து உன்னைப் பார்த்தார். "டிக்ரா, மகனே, நாம் சூரத் மேல் படையெடுக்கப் போகிறோமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆபீஸே சிரித்ததாம். கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. நீ அன்று வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அந்த மிட்டாய்ப் பெட்டியைக் கீழ வைக்கத் தெரியாம கையிலயே வெச்சுண்டு நின்னார்" என்றாய். சாப்பிடாமல் எழுந்துவிட்டாய். நான் பூரித்துப்போன அதே வார்த்தைகள்தான் அந்த மனிதரை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் ரயிலில் உட்கார வைத்திருக்கின்றன.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இந்த இடம் வரைக்கும் புதன்கிழமை எழுதினேன், இனிமேல் எழுதுவது வெள்ளிக்கிழமை. நடுவில் நான் செம்பூர் போய்விட்டு வந்தேன், அதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அப்பா.

பாகிஸ்தானோடு கட்ச் தகராறு ஓய்ந்து கையெழுத்துப் போட்டபோது நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அது நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இந்த வாரம் 'இன்ஃபில்ட்ரேட்டர்ஸ்' என்று ஒரு புது வார்த்தை. காஷ்மீரில் எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்களாம். அர்த்தம் சொல்ல நீ இல்லை. நானே டிக்‌ஷனரியில் பார்த்துக்கொண்டேன். பேப்பரை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, "இப்போ போயா நம்ம பிள்ளை அந்த ஊருக்குப் போகணும்?" என்று கேட்டேன். அவர் பேப்பரைப் பிரிக்கக்கூட இல்லை.

"பேப்பர்ல போட்டா நடந்துடுமோ? இவா சண்டை போட்டுண்டே இருப்பா, ஆபீஸ் பாட்டுக்கு ஆபீஸ் நடக்கும். தூதர் ஆபீஸ்ல இருக்கறவாளை யாரும் தொடப்பிடாதுன்னு சட்டம் இருக்கு. நீயே அந்த வார்த்தையை வாசிச்சிருக்கியே."

"வாசிச்சிருக்கேன். இம்யூனிட்டி. அதைத் தொட்டுட்டான்னு போட்டதையும் வாசிச்சிருக்கேன்."

"அவனுக்கு வர்ற நல்லதுக்குக் குறுக்கே நிக்காதே. நம்ம பிள்ளை காலம் பூரா தில்லியில சாம்பாரைப் பத்தியே லெட்டர் போட்டுண்டிருக்கணுமா?"

"நீங்க சொல்றது உங்களுக்கு மனஸ்ஸிலாறதா? அவன் என்னைத்தான் கேட்டிருக்கான்."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போய்விட்டார். வாக் அவுட். ஆனால் திரும்பி வரும்போது என்னிடம் கேட்காமல் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் பயம் இருக்கிறது, சந்துரு. அவருக்கு அதைச் சொல்ல வார்த்தை இல்லை, அவ்வளவுதான். காலையில் அவர் பேப்பரை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால், நீ எங்கே போகக் கேட்டிருக்கிறார்களோ அந்த ஊர்ப் பெயர் எங்காவது வந்திருக்கிறதா என்று கண்ணாலேயே தேடுகிறார். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

எனக்கு முதலில் தோன்றியது ஆப்ஸ்டெயின் பண்ணிவிடலாம் என்பதுதான். வேண்டும் என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், 'உன் இஷ்டம்' என்று தந்தி அடித்துவிடுவது. கையில் ரத்தமும் ஒட்டாது, பழியும் வராது. எத்தனை ராஜ்யங்கள் அப்படிக் கை தூக்காமல் உட்கார்ந்திருந்ததை நான் உனக்கு வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போதே எனக்கு அவர்கள் மேல் கோபம் வரும். அதனால் அது வேண்டாம் என்று விட்டேன். அடுத்த வழி வேண்டாம் என்று சொல்வது. நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய், நான் வேண்டாம் என்றால் போகவில்லை என்று. இதற்கு என்ன பெயர் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டோவைக் கையில் வைத்திருக்கிறவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று வருஷக்கணக்கில் வாசித்தவளிடமே அதைக் கொடுத்திருக்கிறாய். அதை உபயோகிக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அது என் இடுப்பில் செருகின சாவி மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் எனக்கு லாஜ்வந்தி ஞாபகம் வந்தாள். நம் கட்டிடத்துக்குப் பாப்பட் அப்பளம் விற்க வருவாளே, அந்த சிந்திக்காரி. முழங்கால் வலி என்று கொஞ்ச நாளாக வரவில்லை. அவள் பிறந்து வளர்ந்து கல்யாணம் பண்ணிக்கொண்டதெல்லாம் கராச்சி. பிரிவினையின்போது கப்பலேறி வந்தவள். அப்பா ஆபீஸ் போனதும் பஸ் ஏறி செம்பூர் போனேன். சிந்திகள் இருக்கிற கேம்ப்பில் விசாரித்து விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் பாப்பட் காய்ந்துகொண்டிருந்தது. என் ஹிந்தி உனக்குத் தெரிந்ததுதான், காய்கறி வாங்குவதற்கு மேல் போகாது. எப்படியோ சொல்லிவிட்டேன். "கராச்சி? தும்ஹாரா பேட்டா?" உன் பிள்ளையா என்று கேட்டு முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. கடற்காற்று, டிராம் வண்டி, சாயங்காலம் கடற்கரையில் விற்கும் சுட்ட சோளம் என்று பதினெட்டு வருஷம் முன்னால் விட்டுவந்த ஊரை நேற்று பார்த்த மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். நான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கே ஏதாவது ஆபத்து வந்தால் முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று கேட்டேன். பேப்பரில் வருமா?

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "அக்பார் மே ரோஜ் லிக்தா தா, சப் டீக் ஹை" என்றாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் பேப்பரில் தினமும் எழுதினார்களாம். அவள் புருஷன் அதைத் தினமும் அவளுக்கு வாசித்துக் காட்டினாராம். பால்காரன்தான் சொன்னானாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பால் ஊற்றின மனிதன். தினமும் அவள் பெண்ணின் பின்னலை இழுத்து வம்பு பண்ணிவிட்டு, குழந்தைக்கு என்று ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவானாம். ஒரு நாள் பெண்ணைப் பார்க்காமல் பாலை ஊற்றிவிட்டுப் போனான். அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். "பீபி, பச்சோன் கோ லேகே நிக்கல் ஜாவோ" என்றான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடு என்று. அவன் சொன்னதால்தான் அவர்கள் அந்த வாரமே கப்பலேறினார்கள். "அவன் சொல்லாவிட்டால் நான் இன்று இங்கே உட்கார்ந்து பாப்பட் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன்" என்றாள். அவன் எப்படி இருக்கிறானோ என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பும்போது ஒரு கட்டு பாப்பட்டை என் பையில் திணித்தாள். பிள்ளை கராச்சிக்குக் கொண்டு போகட்டும் என்று. அங்கிருந்து வந்த கைப்பக்குவத்தை அங்கேயே கொண்டுபோகச் சொல்கிறாள். காசு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாப்பட் கட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எந்த ராஜ்யம் எந்த ராஜ்யத்துக்கு எழுதினாலும், ஒருவர் சொல்ல இன்னொருவன்தான் எழுதுகிறான். சொல்கிறவர் 'எனக்குக் கோபம்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அந்தக் கோபத்தை எந்த அளவுக்குப் பெரிதாக்குவது என்பது மேஜையில் உட்கார்ந்திருக்கிறவன் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. உனக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஒரு கமாவைக்கூட மாற்ற விடமாட்டார்கள். ஆனாலும் அந்த அறையில் எல்லாரும் பெரிய பெரிய வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மிட்டாய்ப் பெட்டியைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்ற ஒரு கிழவரை நினைத்துக்கொள்கிற பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பது நல்லது என்று எனக்குத் தோன்றியது. எங்கேயோ ஓரிடத்தில் 'இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாமா ஸார்' என்று நீ கேட்கலாம். கேட்காமலும் போகலாம். கேட்கிறவன் அங்கே இருக்கட்டும்.

இதைச் சொல்வதால் என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. பயத்தோடுதான் சொல்கிறேன், போய்விட்டு வா. நாளைக் காலையில் அப்பா தபாலாபீஸ் போய் அடிக்கப் போகிற தந்தியும் அதுதான். எழுதிக் கொடுத்தபோது அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தார். பிறகு, "நல்லா யோசிச்சியா?" என்று கேட்டார். நேற்று வரைக்கும் போகட்டும் போகட்டும் என்று சண்டை போட்ட மனிதர்.

போகும் வழியில் பம்பாய்க்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போக அனுமதி கேள். கொடுக்காவிட்டால் லாஜ்வந்தியின் பாப்பட்டைப் பார்சலில் அனுப்புகிறேன். கம்பளிச் சட்டையை மறக்காதே, கடற்காற்று உனக்கு ஆகாது. அங்கே யாராவது அரசியல் பேசினால் இரண்டு காதாலும் கேட்டுக்கொள், ஒரு வார்த்தை பேசாதே. கோபம் வந்தால் தமிழில் கோபப்படு. அதில் உனக்குச் சாதாரண வார்த்தைகள் தெரியும்.

கடைசியாக ஒன்று. கடைசியில் வைத்ததால் இதுதான் பெரியது என்று உனக்குப் புரியும். அங்கிருந்து எழுதும் கடிதத்தில் நாட்டு நடப்பு எழுதக் கூடாது என்று உத்தரவு இருக்கும். எழுத வேண்டாம். ஆனால் 'நிலைமை சீராக இருக்கிறது', 'கவலைக்கு இடமில்லை' என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே. அந்தப் பாஷையை உனக்குச் சாயங்காலம்தோறும் வாசித்தவள் நான். போய் இறங்கினதும் பால்காரனைச் சிநேகம் பண்ணிக்கொள். ஒவ்வொரு கடிதத்திலும் அவனைப் பற்றி ஒரு வரி எழுது. அவன் சிரித்தால் சிரித்தான் என்று எழுது. உன் தெற்றுப்பல்லைக் கேலி பண்ணினால் அதையும் எழுது. அது எந்த உத்தரவுக்கும் விரோதம் இல்லை. ஒரு நாள் அவன் உன் முகத்தைப் பார்க்காமல் ஊற்றிவிட்டுப் போனால், அதை எனக்கு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. கிளம்பி வா.

நம் வீட்டுக்குப் பால் கொண்டுவரும் வடநாட்டு பையா இன்று காலை வந்தான். வழக்கம்போலத் தண்ணீர் கலந்திருந்தான், நான் வழக்கம்போலத் திட்டினேன். உன்னை விசாரித்தான். சிரித்துவிட்டுத்தான் போனான்.

அம்மா